நடக்க வைத்தது குற்றமா?

‘டிராகன்ஸ் டாக்மா 2’ 2024 மார்ச் 22 அன்று வெளியானது. முதல் பாகம் வந்தது 2012 மே மாதம். காப்காம் நிறுவனத்தின் இந்த இரண்டு வீடியோ ஆட்டங்களையும் இயக்கியவர் ஹிதேயாகி இட்சுனோ. ‘டெவில் மே க்ரை’ வரிசையின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆட்டங்களும் அவருடையவை. முதல் பாகத்தில் அவர் நினைத்ததில் பாதிதான் வெளியே வந்தது என்பது ரசிகர்களிடையே ஊறிப்போன எண்ணம். அதனால் தொடர்ச்சி வரும் என்ற நம்பிக்கையும் இனி வராது என்ற சலிப்பும் பத்தாண்டுகள் மாறி மாறி ஓடின. 2022 ஜூனில், பத்தாம் ஆண்டு நிகழ்ச்சியின் முடிவில், டி-சர்ட்டில் அச்சிட்ட சின்னத்தைக் காட்டித்தான் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது.

வெளியான வாரத்திலேயே ஸ்டீம் என்ற பி.சி. ஆட்டத் தளத்தில் ஒரே நேரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விளையாடினார்கள். அதே ஸ்டீமில் முதல் நாள் மதிப்பீடு ‘பெரும்பாலும் எதிர்மறை’ என்று சரிந்து கிடந்தது. அன்று பிறந்த தீர்ப்பு இன்றுவரை அப்படியே கைமாறி வருகிறது: சண்டை அருமை, ஆனால் நடக்க வைத்தே ஆளைக் கொல்கிறது, ஃபாஸ்ட் டிராவல் கைக்கெட்டாத விலையில் இருக்கிறது, சேவ் ஒன்றே ஒன்று, அடிபட்டால் உயிரின் அளவே சுருங்குகிறது, இத்தனை தொல்லையும் டி.எல்.சி. எனும் கூடுதல் பொருட்களை விற்பதற்காகத் திட்டமிட்டு வைத்தவை. இந்தத் தீர்ப்பில் சண்டையைப் பற்றிய பகுதி மட்டும் சரி. மற்றவற்றில் பெரும்பகுதி பிழை. உண்மையான குறை இருக்கும் இடத்தையும் அது மறைத்துவிடுகிறது.

முதலில் விதிகள். ஆட்டம் நடப்பது இரண்டு நாடுகளில்: மனிதர்களின் வெர்முண்ட், பூனை முகங்கொண்ட பீஸ்ட்ரன் இனத்தாரின் வறண்ட பட்டால். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நொடியில் போக ஃபெர்ரிஸ்டோன் என்ற கல் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தினால் அது தீர்ந்துவிடும். ஆட்டம் வெளியானபோது கடையில் அதன் விலை 10,000 தங்கம். போய் இறங்குமிடத்தில் போர்ட்கிரிஸ்டல் என்ற படிகம் இருக்க வேண்டும். தலைநகர் வெர்ன்வொர்த் போன்ற சில இடங்களில் அது நிரந்தரமாக நிற்கிறது. மற்றபடி ஆட்டக்காரர் தேடி எடுத்து, தனக்கு வேண்டிய இடத்தில் நட்டுக்கொள்ள வேண்டியதுதான். சில ஊர்களுக்கிடையே மாட்டுவண்டி உண்டு. அடி வாங்க வாங்க உயிரின் உச்ச அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. வழக்கமான மருந்துகள் அதை மீட்கா, விடுதியிலோ கூடாரத்திலோ உறங்கினால் திரும்பும். கூடாரத்துக்குக் கனம் உண்டு, அதை யாராவது சுமக்க வேண்டும். பையில் கிடக்கும் இறைச்சியும் பழமும் நாளாக நாளாக அழுகும்.

இதைப் பார்த்துவிட்டு ‘பழைய காலத்து ஆட்டம்’ என்பது ஒரு குற்றச்சாட்டு. ‘பணம் பிடுங்கும் சூழ்ச்சி’ என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வாய் சொல்வதுதான் வேடிக்கை. காலம் மாறியது தெரியாத அப்பாவியும், ஆட்டக்காரரின் பொறுமையைக் காசாக்கும் தந்திரசாலியும் ஒரே ஆளாக இருக்க முடியாது. ஆகவே தனித்தனியாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

பழமை என்ற வாதத்துக்கு இந்த வரிசையின் வரலாறே பதில் சொல்கிறது. 2013இல் ‘டார்க் அரைசன்’ என்ற விரிவாக்கம் வந்தபோது, முதல் பாகத்தை ஏற்கெனவே விளையாடியவர்களுக்குத் தீராத ஃபெர்ரிஸ்டோன் ஒன்று கொடுக்கப்பட்டது, பின்னாளில் பி.சி.க்கு வந்தபோது எல்லோருக்குமே கிடைத்தது. வசதி என்றால் என்ன என்பது காப்காமுக்கு 2013இலேயே தெரியும். தெரிந்தே இரண்டாம் பாகத்தில் அதை எடுத்தார்கள். காரணமும் எளிது. தீராத கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாட்டைப் பார்த்தவருக்கு அது ஊர்களின் பட்டியலாகவே மிஞ்சியது. கல்லுக்குக் காசு சேர்த்துக்கொண்டே நடந்தவருக்குத்தான் எந்தக் கணவாயில் கொள்ளையர் ஒளிந்திருப்பார்கள், எந்தப் பாலத்தை இரவில் கடக்கக்கூடாது என்பதெல்லாம் தெரிந்தது. இதே கட்டுப்பாட்டைப் பிற ஆட்டங்களில் ரசிகர்கள் கொண்டாடியதும் மறந்துவிடக் கூடாது. 2011இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ ஆட்டத்தில் பாதித் தூரம் போனால்தான் இடம்விட்டு இடம் தாவும் சக்தியே கிடைக்கும். அந்த முதல் பாதியில் நிலப்பரப்பு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அழகைப் பற்றி எழுதாதவர் இல்லை. 2014இல் வந்த அதன் இரண்டாம் பாகம் அந்தச் சக்தியைத் தொடக்கத்திலேயே கொடுத்தது. அந்த நிலப்பரப்பை அதே வாயால் புகழ்ந்தவர்கள் குறைவு.

2024இன் தொடக்கத்தில் அளித்த பேட்டியில் இட்சுனோ இதைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார். பயணம் அலுப்பூட்டுகிறது என்றால் ஆட்டம் அலுப்பூட்டுகிறது என்றுதான் அர்த்தம். பயணத்தைச் சுவையாக்குவதே வேலை என்பது அவர் சொன்னதன் சாரம். துணிச்சலான பேச்சு. அவரையே அளக்க அவரே கொடுத்த அளவுகோலும்கூட. அதை எடுத்துக்கொண்டு ஒரு பயணத்தை அளந்து பார்க்கலாம்.

வெர்ன்வொர்த்திலிருந்து எல்லைச் சாவடி ஊருக்கு மாட்டுவண்டி. காலையில் ஏறி உட்கார்ந்தால் மாட்டின் நடைக்கேற்ப மரங்கள் மெல்ல நகர்கின்றன. துணைக்கு வந்தவர்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். ‘கண்ணயர்’ என்ற பொத்தானை அழுத்தினால் திரை இருள்கிறது. பல சமயம் கண் விழிப்பது ஊரில்தான். சில சமயம் கூச்சலில். வண்டியைச் சுற்றிப் பூதச் சிறுவர்களைப் போன்ற காப்ளின்கள், பாதையில் தடுப்பு, வண்டிக்காரன் அலறல். அவற்றை அடித்து விரட்டி மூச்சு வாங்கும் நேரத்தில் வானத்திலிருந்து ஒரு நிழல் விழுகிறது. கழுகின் தலையும் சிங்கத்தின் உடலும் கொண்ட கிரிஃபின் நேராக வண்டிமேலேயே இறங்கினால் வண்டி விறகாகிவிடும், மாடும் மிஞ்சாது. அதன் காலைப் பற்றி முதுகில் ஏறிக் குத்திக்கொண்டிருக்கும்போது, அடி தாங்காமல் அது பறந்துவிடவும் செய்யும். பிடியை விட்டால் விழுந்து சாவு. விடாமல் பற்றியிருந்தால், பிடிக்கும் வலு தீர்வதற்குள் அது தன் கூட்டில் கொண்டுபோய் இறக்கிவிடும். அது எங்கோ ஒரு குன்றின் உச்சி, மேப்பில் அதுவரை இருட்டாகக் கிடந்த மூலை. துணையாட்கள் கீழே எங்கோ தவிக்கிறார்கள். பொழுது சாய்கிறது. உயிர்க்கோட்டில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் நிறமாகிவிட்டது, லாந்தரில் எண்ணெய் குறைவு. தெரிந்த ஒரே வெளிச்சம் தொலைவில் ஒரு கூடார இடம்.

அங்கே சேர்ந்து இறைச்சியைச் சுட்டால், திரையில் வருவது கணினி ஓவியம் அல்ல, நிஜ இறைச்சி கல்லில் வேகும் படப்பதிவு. இந்தக் குறும்பை யார் யோசித்தார்களோ, பசித்த நேரத்தில் பார்க்கக்கூடாதது.

மேலே சொன்னவற்றில் எதுவும் எழுதி வைத்த காட்சி அல்ல. மாட்டுவண்டி ஒரு விதி, கிரிஃபினின் கூடு ஒரு விதி, இரவு ஒரு விதி, சுருங்கும் உயிர் ஒரு விதி. நான்கும் பாதையில் மோதிக்கொண்டபோது கதை பிறந்தது. ஃபெர்ரிஸ்டோன் நூறு ரூபாய்க்கு நூறு கிடைக்கும் பண்டமாக இருந்தால் இந்த நான்கும் சந்தித்திருக்கவே மாட்டா. இறந்து விழும் ராட்சசன் பள்ளத்தின் குறுக்கே சாய்ந்து பாலமாகிவிடுவதும், ஓநாய்கள் தூக்கிச் சென்ற சிறுவனைத் தேடத் தாமதித்தால் அவன் உயிரோடு கிடைக்காமல் போவதும் இதே கணக்கில் சேர்பவை. தூரம் இருந்தால்தான் தாமதம் என்ற சொல்லுக்கு அர்த்தம் உண்டு.

ஆட்டத்தில் வரும் ஸ்ஃபிங்ஸ் என்ற மிருகம் போடும் விடுகதைகளில் ஒன்று இதற்கு நேரடிச் சாட்சி. நாடெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட சிறு நாணயங்கள் ஒளிந்து கிடக்கின்றன. வழியில் கண்ணில் பட்டால் பொறுக்கிக்கொள்வது ஆட்டக்காரரின் வழக்கம். பல நாள் கழித்து ஸ்ஃபிங்ஸ் கேட்கிறது: முதன்முதலில் எடுத்த நாணயம் கிடந்த இடத்துக்கே திரும்பிப் போய், அங்கே இப்போது இருப்பதை எடுத்து வா. தவணை ஏழு நாள். மேப்பில் குறி இல்லை, குறிப்பேட்டில் வரி இல்லை. நடந்த வழி நினைவில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஐகானை அழுத்தி ஊர் ஊராகத் தாவியவரிடம் இதைக் கேட்க முடியாது. ஆட்டக்காரர் நடந்திருப்பார் என்று நம்பிக் கேட்ட கேள்வி இது. ஆட்டத்தின் சிறந்த நிமிடங்களில் ஒன்று.

துணையாட்களின் ஏற்பாடும் பாதையை நம்பியே நிற்கிறது. ‘பான்’ என்று அழைக்கப்படும் இவர்களில் ஒருவரை ஆட்டக்காரரே உருவாக்குகிறார். மற்ற இருவர் பிற ஆட்டக்காரர்கள் உருவாக்கி அனுப்பியவர்கள். தங்கள் எஜமானருடன் ஏற்கெனவே போன இடம் என்றால், “இந்தப் பக்கம் ஒரு குகை உண்டு” என்று முன்னே ஓடி வழிகாட்டுவார்கள். எல்ஃப் இனத்தார் வாழும் காட்டுக்குப் போனால் அவர்கள் பேசுவது ஒன்றும் புரியாது. அந்த மொழி தெரிந்த துணையாள் கூட இருந்தால் மட்டுமே மொழிபெயர்ப்பு கிடைக்கும். ஆக, புறப்படும் முன்பே யாரை அழைத்துப் போவது என்று யோசிக்க வேண்டும். கிளம்பினால் சட்டென்று திரும்ப முடியாது என்பதால்தான் அந்த யோசனைக்கு மதிப்பு.

இனி சூழ்ச்சி என்ற வாதம். வெளியான அன்று ஸ்டீமில் ஆட்டத்தோடு 21 டி.எல்.சி. பொருட்கள் வரிசையாக நின்றன: செத்தவரை எழுப்பும் கல், துணையாட்களை அமர்த்தும் படிகக் காசு, உருவத்தை மாற்றும் நூல், கூடாரம், சிறைச் சாவி, ஒரு போர்ட்கிரிஸ்டல். முழு விலை 69.99 டாலர் கொடுத்து வாங்கிய ஆட்டத்தின் கீழே இந்தப் பட்டியலைப் பார்த்தால் எவருக்கும் எரிச்சல் வரும். ஆனால் எரிச்சல் வேறு, கணக்கு வேறு. பயணத்தைச் சுருக்கும் பொருளாக அந்தப் பட்டியலில் இருந்தது போர்ட்கிரிஸ்டல் மட்டுமே. விலை 2.99 டாலர். ஒருவர் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். ஒவ்வொரு முறையும் செலவாகும் ஃபெர்ரிஸ்டோன் அந்தக் கடையில் இல்லவே இல்லை. பேருந்து நிறுத்தம் ஒன்றை விற்றார்கள், டிக்கெட்டை விற்கவில்லை. நடையை அலுப்பாக்கி அதிலிருந்து தப்பக் காசு கேட்பதுதான் திட்டம் என்றால், இதைவிட மோசமான வியாபாரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். மேலும், ஃபெர்ரிஸ்டோன் அரிதாக இருந்தது 2012இலேயே. போர்ட்கிரிஸ்டல் விற்பனைக்கு வந்தது 2024இல். விளைவு காரணத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு முந்தி வராது.

இதை வைத்துக் காப்காமுக்கு நற்சான்று எழுதுவதும் தவறு. ‘எல்லாமே ஆட்டத்துக்குள் இலவசமாகக் கிடைப்பவைதானே’ என்று பலர் சமாதானம் சொன்னார்கள். நிறுவனமும் ஏறக்குறைய அதையே சொன்னது. அந்தச் சமாதானம் பிரச்சினையைத் தொடவே இல்லை. ஒரு மலைப்பாதை செங்குத்தாக இருந்தால் அது மலையின் இயல்பு. அதே பாதையின் அடிவாரத்தில் யாரோ ஒருவர் டோலி வாடகைக்கு விட்டால், ஏறுகிறவன் மனதில் சந்தேகம் முளைத்துவிடும்: பாதையை வெட்டியவனும் டோலிக்காரனும் கூட்டா? கூட்டு இல்லாவிட்டாலும் அந்தச் சந்தேகத்தோடுதான் இனி ஒவ்வொரு அடியும். இட்சுனோவின் குழு பல ஆண்டுகள் உழைத்து அமைத்த ஒவ்வொரு மேடும் இந்தப் பட்டியலால் சுங்கச்சாவடியாகத் தெரியத் தொடங்கியது. இரண்டொரு டாலருக்காகத் தன் ஆட்டத்தின் மீதே நிறுவனம் அவதூறு பரப்பிக்கொண்டது என்று சொல்லலாம். குற்றவாளி கடை. அதற்காக மலையை இடிக்கச் சொல்வதுதான் நியாயமில்லை.

சேவ் ஒன்றே ஒன்று என்ற புகாரில் ஒரு திருத்தம் தேவை. கடைசியாகச் சேமித்த இடம், கடைசியாக விடுதியில் தங்கிய இடம் என்று திரும்பிப் போக இரண்டு வழிகள் உண்டு. புதிதாகத் தொடங்கும் வசதியே முதலில் இல்லாமல் போனது அப்பட்டமான தவறு. சில நாட்களில் அது சரிசெய்யப்பட்டது. அதற்குமேல் எத்தனை சேவ் வேண்டும் என்பது எந்த மாதிரி ஆட்டம் வேண்டும் என்ற கேள்விதான். ஸ்ஃபிங்ஸுக்குத் தப்பான விடை சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் பின்னால் போய்ச் சரியான விடை சொல்ல முடிந்தால் அது விடுகதையாக இருக்காது.

டிராகன் நோய் பற்றிய கூச்சலும் இதே வகை. நோய் தொற்றிய துணையாள் தலைவலி என்பான், சொன்ன பேச்சைக் கேட்க மாட்டான், கண் சிவந்து மின்னும். கவனிக்காமல் விடுதியில் உறங்கினால், விடியும்போது அந்த ஊரே பிணக்காடாகக் கிடக்கும். கொடூரம்தான். ஆனால் கூட நடப்பவனின் முகத்தைப் பார்க்காமல் அவனை மூட்டை தூக்கியாக மட்டும் வைத்திருந்தவருக்கு விழும் அடி அது. தொடக்கத்தில் அறிகுறிகள் மங்கலாக இருந்தன என்ற புகார் நியாயமானது. ஏப்ரல் மாத அப்டேட் அறிகுறியைத் தெளிவாக்கியது, தொற்றையும் குறைத்தது. அத்தோடு அந்த வழக்கு முடிந்திருக்க வேண்டும்.

தலைநகருக்குள் நுழைந்ததும் ஃப்ரேம் ரேட் படுத்துவிட்டது உண்மை, அதற்கு வக்காலத்து கிடையாது. ஊரில் நடமாடும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்குப் போடுவதால் சி.பி.யு. திணறுகிறது என்று காப்காம் விளக்கியது. ஊராரைக் கொன்றால் ஆட்டம் வேகமாக ஓடுகிறதா என்று சிலர் சோதித்தும் பார்த்தார்கள்.

இட்சுனோவின் அளவுகோலுக்குத் திரும்பலாம். வெர்முண்டின் சாலைகளில் முதல் முப்பது மணி நேரம் அந்த அளவுகோல் அவரைக் காப்பாற்றுகிறது. பட்டாலுக்குள் போனபின் அதுவே அவரைத் தண்டிக்கிறது. நிலப்பரப்பு முதல் பாகத்தைப்போல் நான்கு மடங்கு என்று சொல்லப்பட்டது. அதில் திரியும் உயிரினங்கள் அந்த விகிதத்தில் பெருகவில்லை. மெடூசா, ஸ்ஃபிங்ஸ், மினோட்டார், கடலிலிருந்து எழும் வெண்கல ராட்சசன் டாலோஸ் எல்லாம் புதியவை, அருமையானவை. ஆனால் அவை ஆங்காங்கே ஒன்று. அன்றாடப் பாதையில் எதிர்ப்படுவது அதே காப்ளின், அதே பல்லி மனிதர், அதே ஓநாய், அதே கொள்ளையர், நூறடிக்கு ஒரு கூட்டம். முதல் பாகத்தில் ஆளையே விழுங்கிய ஹைட்ரா வெளியீட்டில் இல்லை. காக்கட்ரிஸ் இல்லை. ஒற்றைக் கண்ணும் கொடிக்கைகளுமாய் மிதந்த ஈவில் ஐ இல்லை. முன்பு ஆறு திறன்களைப் பொருத்திக்கொள்ள முடிந்த போராளிக்கு இப்போது நான்கே இடம். ஒரே எதிரியை ஒரே நான்கு வழிகளில் வெட்டும்போது கை சலித்துவிடுகிறது. வெர்முண்ட் அரண்மனையில் ராணி டிசாவைச் சுற்றிப் பின்னிய சதிக் கதை எடுப்பாகத் தொடங்கி, எல்லையைத் தாண்டியதும் கைவிட்ட நெசவாகத் தொங்குகிறது.

நடந்து களைத்தேன் என்று ஒருவர் சொன்னால் அந்தக் களைப்பு பொய்யல்ல. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பிழை. கால் வலிக்கக் காரணம் பாதையின் நீளம் என்று நினைக்கிறார். பாதையில் நாற்பதாவது முறையாக வந்து நிற்கும் அதே காப்ளின் கூட்டமே காரணம். வேகப் பயணத்தைத் தாராளமாக்கியிருந்தால் இந்தக் குறை தீர்ந்திருக்காது, கண்ணுக்கு மறைந்திருக்கும். மறைந்த குறையை எந்த நிறுவனமும் சரிசெய்வதில்லை. ரசிகர்கள் கேட்க வேண்டியது ஹைட்ராவை, கேட்டதோ ஃபெர்ரிஸ்டோனை.

‘இது இரண்டாம் பாகமே இல்லை, முதலாவதையே மெருகேற்றி விற்கிறார்கள்’ என்ற முனகலை ஆட்டம் எதிர்பார்த்தே இருந்தது போலும். தொடக்கத்தில் தலைப்புத் திரையில் ‘டிராகன்ஸ் டாக்மா’ என்று மட்டுமே வரும், எண் வராது. டிராகனோடு பறக்கும் இறுதிக் கட்டத்தில், விதித்த முடிவை ஏற்காமல் ஆட்டக்காரர் முரண்டு பிடித்தால் உலகம் சிவந்து, கடல் வற்றி, ஊர்கள் ஒவ்வொன்றாக அழியத் தொடங்கும். அங்கேதான் முதன்முறையாகத் தலைப்பில் ‘2’ என்ற எண் தோன்றுகிறது. அந்த உலகில் விடுதியில் கவலையின்றி உறங்க முடியாது. ஒவ்வொரு நாளும் கணக்கில் போகிறது. வற்றிய கடல்தரையில் நடந்தே போக வேண்டும். வழக்கமான முடிவோடு ஆட்டத்தை மூடியவர்களில் பலர் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் இட்சுனோ முப்பது ஆண்டுகளுக்குமேல் பணியாற்றிய காப்காமை விட்டு விலகினார். ஆட்டத்தை இன்னும் தொடாதவர்கள் டி.எல்.சி. பட்டியலைத் திறக்க வேண்டியதில்லை. பையில் ஒரு கூடாரமும் லாந்தருக்கு எண்ணெயும் வைத்துக்கொண்டு, வெர்ன்வொர்த்திலிருந்து மெல்வ் என்ற ஊர் வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதட்டும்.